செய்யாத வேலைக்குக் கையொப்பம் கேட்கிறார் மாமா: என்ன செய்வது?

வந்த கடிதம்

இந்தக் கடிதத்தை எழுதியவருக்கு வயது 34. தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர். ஒன்பது ஆண்டுகளாக விமானங்களின் மின்சார, மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறார். அதற்குரிய உரிமமும் வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜோகானஸ்பர்க் பக்கம் குடிபெயர்ந்து, ஒரு பராமரிப்பு நிலையத்தில் லேபர் புரோக்கர் (பிற நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் தற்காலிகப் பணி நிறுவனம்) வழியாக ஒப்பந்த வேலையில் சேர்ந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவருக்கு மாமன் முறையாகும் ஒருவர். இரவுப் பணியில் இவருக்கு மேற்பார்வையாளரும் அவரே. (ஆளை இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

புரட்டாசி விரதம் முடிந்த வாரத்தில், அகலமான உடலைக் கொண்ட பயணிகள் விமானம் ஒன்று பெரிய பரிசோதனைக்காக அவர்களுடைய ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) வந்திருக்கிறது. முன்பக்கச் சமையலறைக்கும் கழிவறைக்கும் கீழே, விமானத்தின் முக்கியமான மின்னணுக் கருவிகள் அடுக்கப்பட்ட அறை இருக்கிறது. மேலிருந்து கசியும் நீர் அந்த அடுக்குகளின் மேல் விழாமல் இருக்க ஒரு சொட்டுக் கவசம் கூரை போல அமைக்கப்பட்டிருக்கும். அந்தக் கவசத்தில் விரிசல் உண்டா என்று பார்த்து, இருந்தால் திருத்தி, அதன் மேல் கண்ணாடியிழைப் போர்வை ஒன்றை ஒட்டி, ஓரத்து வாய்க்காலுக்கு அலுமினியத் தாங்கிகளைப் பொருத்த வேண்டும் என்று கட்டாய ஆணை ஒன்று இருக்கிறது. அதைச் செய்து முடிக்க இன்னும் ஐந்து மாதக் கெடு உள்ளது. பொருத்த வேண்டிய பொருள்கள் ஸ்டோருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கவசத்தில் ஒரு சாண் நீள விரிசலையும், அதற்கு நேர் கீழே வயர்களை இணைக்கும் இரண்டு கனெக்டர்களின் பின்புறத்தில் பச்சை படிந்திருப்பதையும் நம் வாசகர் பார்த்திருக்கிறார். மாமா சொன்ன வழி இது: விரிசலில் சீலன்ட் (அடைப்புப் பசை) தடவு, கனெக்டரைத் துடைத்துச் சூடான காற்றுக் காட்டு, ஆணை நிறைவேறியது என்று வேலைக்கான பதிவு கார்டை மூடிக் கையொப்பம் போடு, பொருள் வந்த பிறகு அடுத்த பரிசோதனையில் செய்துகொள்ளலாம். வாசகர் கையொப்பம் போடவில்லை. உடல்நலம் இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாக வீட்டில் இருந்தபடி எழுதுகிறார். கவசத்தைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பதாகவும், அதைச் செய்தித்தாளுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொல்கிறார். "மாமா பேச்சைத் தட்டினால் வேலை போகும், வீட்டிலும் தலைகாட்ட முடியாது. ஒப்பந்தக்காரனுக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது?" என்பது அவர் கேள்வி. கடிதத்தின் முடிவில் நான்கு வரிகளில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு இதே வகை விமானம் ஒன்றில், இதே வேலைக்கான கார்டில், தான் கண்ணால் பார்க்காமலே மாமா சொன்னதற்காகக் கையொப்பம் போட்டிருக்கிறார். அந்த விமானம் இப்போதும் பறந்துகொண்டிருக்கிறது.

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கடைசியில் நான்கு வரிகளில் முடித்துவிட்ட செய்திதான் எனக்கு உங்கள் கடிதத்தின் முதல் செய்தியாகப் பட்டது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் இன்று உங்கள் கையில் திறந்திருக்கும் கார்டைப் பற்றி முதலில் பேசினால்தான், பழைய கார்டைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குச் சரியாக விளங்கும். வழக்கறிஞர் தொழிலுக்கு வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் நானும் உங்களைப் போல விமான மின்னணுப் பணிமனையில் நின்றவன். ஆகவே சட்டத்தைப் பேசும் முன் தண்ணீரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

துடைத்துக் காயவைத்தால் போதுமா?

"ஜோகானஸ்பர்க் காய்ந்த ஊர், இங்கே என்ன ஈரம்" என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் குளிர்காலத்தில் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் மின்னணு அறைக்குள் விழும் நீர் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதில்லை, விமானத்துக்குள்ளிருந்தே வருகிறது. சமையலறை வடிகால், கழிவறைக் குழாய், சிந்திய காப்பி, பழச்சாறு, இவற்றோடு பயணிகளின் மூச்சுக்காற்றில் உள்ள ஈரம் ஆகியவைதான் அதன் ஊற்றுகள். உயரத்தில் பறக்கும்போது வெளியே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 50 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிர் ஏறிய உலோகத் தோலில் உள்ளிருக்கும் ஈரம் படிந்து உறைந்து, விமானம் இறங்கும்போது உருகி, வெப்பக் காப்புப் போர்வைகளை நனைத்துக்கொண்டு கீழே வழிகிறது. குளிர்ந்த உடலோடு அதே விமானம் டர்பனின் கடற்காற்றில் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வகை ஆணைகள் எதற்காகப் பிறந்தன என்பதை உங்கள் மாமாவும் நீங்களும் சேர்ந்து படிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 2008 ஜனவரி 7 அன்று, லண்டனிலிருந்து பாங்காக்குக்கு 300-க்கும் மேற்பட்டவர்களோடு வந்துகொண்டிருந்த ஒரு போயிங் 747-400 விமானத்தில், தரையிறங்குவதற்குச் சற்று முன்பு முன்பக்கச் சமையலறையில் நீர் வழிந்தது. வடிகால் குழாயில் பனி உறைந்து அடைத்திருந்ததால் நீர் திரும்பி மேலே பொங்கியது. அது தரை வழியாகக் கீழே இறங்கி, சேதமடைந்திருந்த சொட்டுக் கவசத்தைத் தாண்டி, மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் மேல் விழுந்தது. விமானத்துக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் நான்கு முதன்மை மாறுமின் பாதைகளில் மூன்று மின்சாரம் இழந்தன. விமானிகள் பல கருவிகளை இழந்து, அவசர மின்கலத்தின் துணையோடு விமானத்தை இறக்கினார்கள். அந்த மின்கலம் குறைந்தது அரை மணி நேரம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பகல் நேரம், வானம் தெளிவு, விமான நிலையம் அருகில். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை எப்படி முடிந்திருக்கும் என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் மனம் கலங்கும். ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில், அருகருகே இருந்த மூன்று தனித்தனிக் கருவிகளைச் சாய்த்தது என்பதே அதில் கற்க வேண்டியது. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் விமானத்தை வடிவமைக்கிறார்கள். ஒழுகும் நீர் அந்தக் கணக்கையே உடைத்துவிடுகிறது.

இனி, "கருவியைச் சோதித்தோம், நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்ற வாதம். விமானக் கருவிகளைச் சுற்றுச்சூழலுக்கு எதிராகச் சோதிக்கும் டி.ஓ. 160 என்ற முறையில் 10-ஆம் பிரிவு நீரைப் பற்றியது. படியும் ஈரத்தைத் தாங்குவது ஒரு தரம், சொட்டும் நீரைத் தாங்குவது வேறொரு தரம், பீச்சும் நீரைத் தாங்குவது இன்னொன்று. நீர்ச் சோதனையே தேவையில்லை என்று குறிக்கப்பட்ட கருவிகளும் உண்டு. மூடிய அறையில், கவசத்துக்குக் கீழே இருக்கப்போகும் கருவிப் பெட்டிக்குச் சொட்டு நீரைத் தாங்கும் சோதனை செய்யப்படாமலே இருக்கலாம். ஏனென்றால் மேலே கவசம் இருக்கும் என்று நம்பித்தான் அந்தப் பெட்டி அங்கே வைக்கப்பட்டது. கவசம் விரிந்துவிட்டால், அந்தப் பெட்டி எந்த நிலைமைக்காகச் சான்று பெற்றதோ அந்த நிலைமையில் அது இல்லை.

நீங்கள் பார்த்த பச்சைக்கும் வருகிறேன். அது செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். அங்கே நீர் வந்து, மின்னழுத்தத்தோடு சேர்ந்து, உலோகத்தைக் கரைக்கத் தொடங்கி நாளாகிவிட்டது என்று அர்த்தம். துடைத்து, சூட்டுக் காற்றுக் காட்டினால் நீர் போகும், அது கொண்டுவந்த உப்பும் சர்க்கரையும் கனெக்டரின் முள்களுக்கு இடையே தங்கிவிடும். அடுத்த முறை காற்றில் ஈரம் ஏறியதும் அதே தடத்தில் மீண்டும் மின்சாரம் கசியும். இவ்வகைப் பழுது பறக்கும்போது வந்து, தரையில் சோதிக்கும்போது மறைந்துவிடும். பெட்டியைக் கழற்றிப் பணிமனைக்கு அனுப்பினால் 'பழுது எதுவும் இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வரும். என் பழைய நாள்களில் அப்படித் திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்து நாங்கள் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். குற்றம் வயர் முனையில் இருந்தது. பழைய பாலிஇமைடு உறை போட்ட வயர்களாக இருந்தால் கவலை இன்னும் அதிகம். உறை வெடித்த இடத்தில் நீர் பட்டால், பொறி பறந்து, உறையே கரியாகி, அந்தக் கரி வழியாக மின்சாரம் ஓடும் ஆபத்து அவற்றில் உண்டு என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆகவே அந்த இரண்டு கனெக்டர்களையும் பிரித்து, முள்களைப் பார்த்து, கையேட்டில் உள்ளபடி மாற்ற வேண்டியதை மாற்றி, காப்பு மின்தடையை அளந்து, அளவை எழுதி வைக்க வேண்டும். வயர் கட்டு கனெக்டருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வளைவு இல்லாவிட்டால் நீர் வயர் வழியாகவே வழிந்து உள்ளே போகும்.

சீலன்ட் பற்றி ஒரு வரி போதும். அதிர்விலும், பராமரிப்பின்போது பணியாளர்கள் காலும் முழங்கையும் ஊன்றுவதிலும் வளரும் விரிசலுக்கு, அங்கீகரிக்கப்பட்ட திருத்த முறையில் இல்லாத பசைப் பூச்சு திருத்தம் ஆகாது.

ஆணை வேறு, அறிவுரை வேறு

உங்கள் கடிதத்தில் 'கம்பெனி சொல்லும் ஏ.டி.' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏ.டி. என்பது கட்டாய ஆணையின் ஆங்கிலச் சுருக்கம். அங்கே ஒரு சிறு குழப்பம் தெரிகிறது. விமானம் செய்த நிறுவனம் வெளியிடுவது சர்வீஸ் புல்லட்டின். அது பெரும்பாலும் பரிந்துரை. அந்தப் பரிந்துரையை, விமானத்தை வடிவமைத்த நாட்டின் வான்போக்குவரத்து ஆணையம் கையில் எடுத்து, பாதுகாப்பற்ற நிலைமை இருக்கிறது என்று கண்டு, இன்ன காலத்துக்குள் செய்தே ஆக வேண்டும் என்று வெளியிடும்போதுதான் அது பறக்கும் தகுதிக்கான கட்டாய ஆணையாகிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8-ஆம் இணைப்பின்படி, விமானத்தைப் பதிவு செய்துள்ள நாடு அப்படிப்பட்ட தகவலை நேரே ஏற்க வேண்டும், அல்லது ஆராய்ந்து உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும். எனவே நம் நாட்டுப் பதிவு எண் தாங்கிய விமானத்துக்கு நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அதைக் கட்டாயமாக்கியிருந்தால், அதை மீறிப் பறப்பது சட்டத்தை மீறிப் பறப்பதாகும்.

ஆனால் தம்பி, இந்த விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் தரும் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படவில்லை. கெடு முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அப்படியானால் இன்றைக்கு யாரும் பொய் எழுத வேண்டிய தேவையே இல்லை! பொருள் வராததால் வேலை செய்யப்படவில்லை, கெடு தேதி இன்னது என்று எழுதி அந்தக் கார்டைத் திறந்தே வைத்து, திட்டப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பலாம். விமானம் வேறு காரணங்களால் தடைபடாவிட்டால் பறக்கலாம். நிறுவனத்துக்கு ஏற்படும் தொல்லை, ஐந்து மாதத்துக்குள் இன்னொரு நாள் விமானத்தை ஹேங்கருக்குள் கொண்டுவருவது மட்டும்தான். மூடிய கார்டோ அந்த விமானத்தை இனி யாரும் திரும்பிப் பார்க்காதபடி செய்துவிடும். பொருள் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று மாமா மனதார நினைக்கலாம். ஆனால் பதிவேட்டில் நிறைவேறியது என்று இருக்கும் வேலைக்கு அடுத்த பரிசோதனையில் கார்டே அச்சாகாது.

கெடு இருக்கிறது என்பதற்காக விரிசலை அப்படியே விட்டுவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் கண்ட விரிசலும் அரிப்பும் இன்று கண்டுபிடிக்கப்பட்ட பழுதுகள். அவற்றுக்கு ஆணையின் கெடு பொருந்தாது. தனிப் பழுதுச் சீட்டு எழுத வேண்டும். கட்டமைப்புத் திருத்தக் கையேட்டின்படியோ, வடிவமைப்பாளரிடம் பெற்ற திருத்த முறையின்படியோ சரிசெய்த பிறகே விமானத்தை விடுவிக்க வேண்டும். அதோடு, ஆய்வில் விரிசல் கண்டால் அடுத்த பறப்புக்கு முன்பே திருத்த வேண்டும் என்று பல ஆணைகளில் ஒரு வாசகம் இருக்கும். உங்கள் கார்டில் இருக்கும் சுருக்கத்தை நம்பாமல், ஆணையின் முழு வாசகத்தையும் எடுத்துப் படியுங்கள். சொல்லப்பட்ட முறையில் செய்ய இயலாவிட்டால், அதே அளவு பாதுகாப்புத் தரும் மாற்று வழிக்கு ஆணையத்திடம் ஒப்புதல் கேட்கவும் வழி உண்டு. கேட்க வேண்டியது நிறுவனத்தின் பொறியியல் பிரிவு. இரவுப் பணியில் இருக்கும் நீங்களோ உங்கள் மாமாவோ அதைத் தீர்மானிக்க முடியாது.

வாய்மொழியாகத் தெரிந்த வேலை பதிவில் ஏறாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2008 பிப்ரவரி 23 அன்று குவாம் தீவில் விழுந்த அமெரிக்க பி-2 போர்விமானம் ஒரு சான்று. காற்றழுத்தம் அளக்கும் உணரிகளில் ஈரம் புகுந்திருந்தது. அந்த நிலையிலேயே அவற்றின் அளவைத் திருத்திவிட்டார்கள். கணினிக்குத் தவறான வேகம் போய்ச் சேர்ந்து, விமானம் மேலெழும்போதே நிலைகுலைந்து விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினர். உணரிகளை முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே சில பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அது முறையாக எழுதி வைக்கப்படாததால், அன்று வேலை பார்த்தவர்களுக்கு எட்டவில்லை. உங்கள் மாமா தலையில் மட்டும் இருக்கும் 'பிறகு செய்துகொள்ளலாம்' என்பதும் இதே இனம்.

மாமா சொன்னார் என்பது காப்பாற்றுமா?

காப்பாற்றாது. வேலை முடிந்தது என்று சான்றளிக்கும் கையொப்பம் உங்கள் உரிமத்தின் பேரில் போடப்படுவது. மேலதிகாரி சொன்னார் என்பது உங்கள் குற்றத்தின் அளவை ஒருவேளை குறைக்கலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. பொய்ப் பதிவுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம், பறிக்கவும் படலாம்; வழக்கும் வரலாம். சொன்னவருக்கும் அதே ஆபத்து உண்டு என்பதை மாமா உணர்ந்திருக்க மாட்டார்.

ஆகவே அவரிடம் ஒருமுறை பேசுங்கள் என்றே சொல்வேன். வீட்டில், அத்தையும் பிள்ளைகளும் கேட்கும் இடத்தில் வேண்டாம். பணியிடத்தில், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "மாமா, இது பொய் ஆகிவிடும்" என்று தொடங்கினால் அவருக்குத் தற்காத்துக்கொள்ளத்தான் தோன்றும். "மாமா, கெடு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, திறந்தே வைத்துப் பொருள் வரவில்லை என்று எழுதிவிடுகிறேன், விரிசலுக்குத் தனிச் சீட்டுப் போடுகிறேன்" என்று வழியோடு போய் நில்லுங்கள். விமானத்தை நாளைக் காலைக்குள் வெளியே தள்ள வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர் நெருக்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் பழுதுச் சீட்டு அவருக்கே ஒரு பிடிமானமாக அமையக்கூடும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அன்றைய பணி முடிவதற்குள் தரப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் மேல் பழி சுமத்தும் சொல் எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டாம். நான் பார்த்தது இது, கையேடு சொல்வது இது, பொருள் இல்லை, ஆகவே கார்டை மூட என்னால் இயலவில்லை என்ற நான்கும் போதும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தப் பணியாளருக்குச் சட்டத்தில் இடம் உண்டு

லேபர் புரோக்கர் வழி வந்தவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. 2000-ஆம் ஆண்டின் 26-ஆம் எண்ணுள்ள பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல்கள் சட்டம், ஒருவருடைய உடல்நலமோ பாதுகாப்போ ஆபத்தில் இருப்பதைக் காட்டும் தகவலை முறையாக வெளிப்படுத்துபவரைக் காக்கிறது. 2017-இல் செய்த திருத்தம் அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தக்காரர்களுக்கும், தற்காலிகப் பணி நிறுவனங்கள் வழியாக வேலை செய்பவர்களுக்கும் விரித்திருக்கிறது. நீங்கள் எழுத்தில் கொடுத்த பிறகு, விசாரிப்பதா இல்லையா என்று முடிவெடுத்து, 21 நாள்களுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமை, சட்டத்தில் சொல்லப்பட்ட சில விலக்குகளுக்கு உட்பட்டு, அதைப் பெற்றுக்கொண்ட நிறுவனத்துக்கு இருக்கிறது. இதற்காக உங்களை மிரட்டுவதும், இடம் மாற்றுவதும், ஒப்பந்தத்தை முறிப்பதும் சட்டம் தடுக்கும் பழிவாங்கல்கள்.

முறைப்படி வெளிப்படுத்தியதற்காக ஒரு தொழிலாளி பணிநீக்கம் செய்யப்பட்டால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 187-ஆம் பிரிவு அதைத் தானாகவே நியாயமற்ற பணிநீக்கம் என்கிறது. இழப்பீடு 24 மாத ஊதியம் வரை போகலாம். பணிநீக்கத் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வேலையில் வைத்துக்கொண்டே தொல்லை கொடுத்தால் அந்தக் கெடு 90 நாள். இந்தத் தேதிகளை நழுவவிட்டு என்னிடம் வருபவர்கள் அதிகம். அதற்காகவே எண்களோடு எழுதுகிறேன். உங்களுக்குப் புரோக்கர், பராமரிப்பு நிலையம் என்று இரண்டு தரப்பு இருப்பதால், வழக்கு வந்தால் இரண்டின் பெயரையும் சேர்க்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சட்டம் காக்கும் என்பதால் துன்பமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். அது இந்தக் கடிதத்தினால்தான் என்று நிரூபிக்கக் காலம் பிடிக்கலாம். மூன்று மாதச் செலவுக்கு ஏதாவது கைவசம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

படங்களைச் செய்தித்தாளுக்கோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பாதீர்கள். பொதுவெளியில் சொல்வதற்கும் வெளிப்படுத்தல்கள் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கடுமையான நிபந்தனைகளோடு தருகிறது. உள்ளே சொல்லியும் நியாயமான காலத்தில் நடவடிக்கை இல்லை, சான்றுகள் மறைக்கப்படும் என்று நம்ப இடம் இருக்கிறது என்பன போன்ற காரணம் வேண்டும். நீங்கள் இன்னும் உள்ளேயே எழுதிக் கொடுக்கவில்லை. படங்களை அழிக்காமல், திருத்தாமல் வைத்திருங்கள். வழக்கறிஞரிடம் மட்டும் காட்டுங்கள். தரப் பிரிவு அசையாவிட்டால் அடுத்த படி சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

சென்ற ஆண்டின் கையொப்பம்

இப்போது அந்த நான்கு வரிகளுக்கு வருகிறேன். இதை எழுதாமலே விட்டிருக்கலாம், எழுதியிருக்கிறீர்கள். ஓராண்டாக உங்களுக்கு உறக்கம் சரியில்லை என்று நான் ஊகிக்கிறேன்.

இதில் உங்களுக்கு இனிக்கும்படி ஒன்றும் சொல்ல முடியாது. நான் மேலே சொன்ன பாதுகாப்பு, உண்மையைச் சொன்னதற்காகப் பழிவாங்கப்படுவதிலிருந்து உங்களைக் காக்கும். நீங்களே செய்த பொய்ப் பதிவை அது துடைத்துவிடாது. ஒழுங்கு நடவடிக்கை வரலாம், உரிமம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்படலாம். தானாக முன்வந்து சொன்னவர், அகப்பட்ட பிறகு ஒப்புக்கொண்டவர் என்ற வேறுபாடு எந்த விசாரணையிலும் எடைபோடப்படும். ஆனால் முடிவு இன்னதாகத்தான் இருக்கும் என்று நான் உறுதி தந்தால் அது பொய்.

இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், தம்பி. இன்றைய விமானத்தின் விரிசல் உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஹேங்கரில் நிற்கிறது. அந்த இன்னொரு விமானத்தின் கவசம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்யப்பட்டது என்று பதிவேடு சொல்வதால், யாரும் ஏறிப் பார்க்கவும் மாட்டார்கள். ஆணையின் கெடு அதற்கு முடிந்திருந்தால், அது எழும்பும் ஒவ்வொரு முறையும் ஆணையை மீறியே எழும்புகிறது. உண்மையில் அன்று வேறு யாராவது வேலையைச் செய்து முடித்திருக்கவும் கூடும். மாமா அப்படி நம்பியே உங்களைக் கையொப்பமிடச் சொல்லியிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி திறந்து பார்ப்பதுதான். சில பலகைகளைக் கழற்றினால் கவசத்தின் மேல் போர்வை இருக்கிறதா இல்லையா என்பது ஓர் இரவுக்குள் தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் தொழிலாளர் சட்டம் அறிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சட்ட ஆலோசனை பெறுவதற்காக அவரிடம் சொல்வதும் வெளிப்படுத்தல்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தலே. செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி அலுவலகத்தில் தகுதி உண்டா என்று கேளுங்கள். பிறகு அவர் துணையோடு, அந்த விமானத்தைப் பற்றித் தனிக் கடிதமாகத் தரப் பிரிவுக்கும், அவர் சொல்லும் முறையில் ஆணையத்துக்கும் எழுதுங்கள். இன்றைய விரிசலைப் பற்றிய கடிதத்தோடு இதைக் கலக்காதீர்கள். ஒன்றின் விசாரணை மற்றொன்றைத் தாமதப்படுத்தக் கூடாது. வழக்கறிஞரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. இந்த வாரத்துக்குள் சந்திப்புக் கிடைக்காவிட்டால் தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள்.

மாமாவுக்கு இதைச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞரைப் பார்த்த பிறகு, கடிதம் போகும் நாளில், நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வேறொருவர் வாயால் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தைத் தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. தானும் ஒரு கடிதம் எழுதும் வாய்ப்பு அவருக்கு உண்டு.

கடைசியாக, விடுப்பைப் பற்றி. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடல்நலமின்மை என்று வராமல் இருந்தால் மருத்துவச் சான்று கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது. இல்லாத நோய்க்குச் சான்று வாங்கிக் கொடுக்காதீர்கள். நாளை உங்கள் வார்த்தையின் நம்பகத்தன்மையே கேள்விக்கு வரும்போது அந்தச் சீட்டு உங்களுக்கு எதிராகத் திரும்பும். மூன்றாம் நாள் பணிக்குப் போங்கள். போகும் முன், பழைய விமானத்தின் பதிவு எண், கையொப்பமிட்ட மாதம், அன்று உடன் இருந்தவர்கள் யார் யார் என்பதை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.